ஒன்பது நாள் லேசர், ஆறு நாள் பல்பு

லேசர் என்றால் சுடும் என்றுதான் நினைத்திருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் அதை வைத்து இரும்புத் தகட்டை அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். பொறி பறக்கும். அதே பேரில் ஒன்றை என் வீட்டுக்காரி முதுகில் வைக்கப்போகிறார்கள் என்றதும் கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

அந்தப் பிசியோதெரபி பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

"கையக் காட்டுங்கண்ணே."

காட்டினேன். டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய். நுனியில் சிவப்பு வெளிச்சம். என் உள்ளங்கையில் வைத்தது.

"சுடுதா?"

"இல்ல."

"சுடாது. இது சக்தி கொறஞ்ச லேசர். வெறும் வெளிச்சந்தான்."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.

"என்னங்க, கண்ணாபரேசன் பண்ணுன கெழவி மாதிரி இருக்கனா?"

"அப்படித்தான் இருக்க."

"ஒங்களுக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. சோடியா ஊருக்குப் போவோம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

லேசர் நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் செய்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். தென்னை வைத்திருந்தோம். புயலில் எல்லாம் சாய்ந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் கோழி ஷெட் போட்டேன். கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும். நாம் வளர்த்துக் கொடுக்க வேண்டும். அவளும் நானும்தான் பார்த்தோம். பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வேறு ஆள் இல்லை.

நோய் செருப்பில் ஆரம்பித்தது. ஒருநாள் கடைக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு வந்தாள். வலது கால் வெறுங்கால். கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துச் சொன்னது.

"ஏத்தா, ஒத்தச் செருப்ப எவனுக்குக் குடுத்துட்டு வார?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். போய்த் தேடி எடுத்து வந்தேன். தார் ரோட்டில் கிடந்தது. பங்குனி வெயில். அந்த ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். பாதம் கொப்பளித்திருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கண் மங்கியது. பிறகு காலை இழுத்து இழுத்து நடந்தாள். நரம்புத் தளர்ச்சி என்றார்கள், சத்து ஊசி போட்டார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்றார். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொன்னார். எனக்கு அதுதான் வாயில் நுழைந்தது.

"நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. ஒடம்பே அத எதிரின்னு நெனச்சு அரிச்சிருது. அரிச்ச எடத்துல சேதி போகாது."

"எலி கடிச்ச ஒயர் மாதிரிங்களா?"

ஷெட்டில் எலி ஒயரைக் கடிக்கும். அதை நினைத்துக் கேட்டேன்.

"அப்படித்தான் வச்சுக்கங்க. ஆனா ஒயர மாத்திரலாம். இத மாத்த முடியாது. மேல கடிக்காம பாத்துக்கலாம். அதுக்குத்தான் ஊசி."

வாரம் ஒரு ஊசி. வீட்டில் பிரிட்ஜில் வைக்க வேண்டும். நர்சு எனக்குப் போடச் சொல்லிக் கொடுத்தது. கோழிக்குத் தடுப்பூசி போடுகிற கை. பழகிவிட்டது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வெயில் ஆகாது. சுடுதண்ணீரில் குளிக்கக் கூடாது. அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே இறக்க வேண்டும். உடம்பில் சூடு ஏறினால் கெட்டுப்போன நரம்பில் சேதி இன்னும் தடைப்படும். சூடு இறங்கினால் திரும்பிவிடும். இதை இரண்டு முறை சொன்னார். தலையை ஆட்டினேன்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆற வைத்துக் குடித்தாள். அப்போது சொன்னாள்.

"நடக்க முடியாமப் போனாப் போகுது. சேர்ல உக்காந்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு."

"என்ன?"

"குளிக்கறது மட்டும் நானாக் குளிக்கணும். என்னைய ஒருத்தர் உக்கார வச்சுத் தண்ணி ஊத்தக் கூடாது. ஒங்கம்மாவுக்கு மூணு வருசம் நாந்தான் ஊத்துனேன். எனக்குத் தெரியும் அது."

"அப்படியெல்லாம் வராது."

"வரும் வராதுங்கறது ஒங்களுக்கு என்ன தெரியும்? பாக்கறேன்னு சொல்லுங்க."

"பாக்கறேன்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தேன். அதில் குறை வைக்கவில்லை. வீட்டு ஓட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினேன். மதியம் அவளை வெளியே விடவில்லை. சமையலை நான் பாதி செய்தேன். பின்வாசலிலிருந்து குளியலறை வரை நைலான் கயிறு கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு போவாள். பதினெட்டு எட்டுத் தூரம். உள்ளே ஸ்டூல் போட்டிருந்தேன். உட்கார்ந்து தானாகவே குளித்துவிட்டு வருவாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குண்டானில் வெந்நீர் கொண்டுவந்தது. நொச்சி இலை போட்டுக் காய்ச்சியது. ஆவி பறந்தது.

"தம்பி, முட்டில ஊத்தி நீவி விடறேன். எங்க மாமியா இதுலதான் எந்திரிச்சு நடந்துச்சு."

"வேணாம்."

"ஒரு தரம் ஊத்திப் பாப்போம்ப்பா."

"வேணாம்ங்கறேன்ல. சூடு பட்டா அவளுக்கு ஆகாது. படிச்ச டாக்டரு சொல்லிருக்கு. நீ என்ன டாக்டரா? எடுத்துட்டுப் போ அங்கிட்டு."

சத்தமாகச் சொல்லிவிட்டேன்.  அக்கா குண்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளேயிருந்து அவள் சொன்னாள்.

"நல்லதுக்கு வந்த பொம்பளைய நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறீங்க. இங்கிட்டு அவுகள விட்டா நமக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அப்படிச் சொன்னேன்.

லேசர் விஷயத்தைச் சொன்னது அவள் தம்பி. துபாயில் இருக்கிறான். வீடியோ அனுப்பினான். பிறகு போன் பண்ணினான்.

"மச்சான், அனுப்புனதப் பாத்தீங்களா? வீல் சேர்ல இருந்த ஆளு மச்சான். லேசர் அடிச்சு எந்திரிச்சு நடக்குறாரு."

"வெளிநாட்டுலயா?"

"இங்கயும் வந்துருச்சாம். புதுக்கோட்டைலயே இருக்கு. விசாரிச்சுட்டேன்."

திருச்சிக்கு மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சில எடத்துல ஆராய்ச்சி நடக்குது. இதுக்குப் பலன் உண்டுன்னு நம்பிச் சொல்ற அளவுக்கு இன்னும் வரல. வலிக்கு, சோர்வுக்குக் கொஞ்சம் கேக்குதுன்னு சொல்றாங்க. நடக்க வைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். போறதுன்னாப் போங்க. ஊசிய விட்டுறாதீங்க."

போங்க என்றது மட்டும் எனக்குக் காதில் தங்கியது.

வாரம் மூன்று நாள். இருபது தடவை வர வேண்டும் என்றார்கள். விடியக்காலை பஸ்ஸில் ஆலங்குடி வழியாகப் போவோம். வெயில் ஏறும் முன் போய்விடுவோம். அந்த அறையில் ஏசி ஓடும். முதுகெலும்பு நெடுக, கழுத்தில், காலில் அந்தக் குழாயை வைத்து வைத்து எடுக்கும் அந்தப் பெண். ஒரு மணி நேரம் ஆகும். அவள் தூங்கிவிடுவாள். வீட்டில் அப்படித் தூங்க மாட்டாள்.

ஐந்தாம் நாள் அங்கே கட்டிலைவிட்டு இறங்கியவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை நடந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. நானும் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"காத்து மாதிரி இருக்குங்க காலு."

மறுநாள் காலையில் வீட்டிலும் கயிற்றைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போனாள். வந்து ஈரத்தலையோடு நின்று சொன்னாள்.

"கவுத்த அவுத்துருங்க. துணி காயப்போடக் கவுறு இல்லாமக் கெடக்கு."

"இருக்கட்டும்."

"பயந்தாங்கொள்ளி."

ஷெட் அப்போது காலி. ஒன்பது நாள் போனோம். ஒன்பதாம் நாள் திரும்பி வரும்போது கம்பெனி சூப்பர்வைசர் போன் பண்ணினான். குஞ்சு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தவன், நாளைக்கே இறங்கும் என்றான். மூவாயிரம் குஞ்சு.

குஞ்சு இறங்கினால் முதல் பத்து நாள் ஷெட்டைவிட்டு நகர முடியாது. தாய்க்கோழி இல்லாத குஞ்சு. தகரத் தகட்டை வளையமாக நிறுத்தி, மேலே சிவப்பு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு கொடுக்க வேண்டும். காற்று வந்தால் படுதாவை இறக்க வேண்டும். புழுக்கம் வந்தால் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும்.

புதுக்கோட்டைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பத்து நாள் இடைவெளி விட்டால் ஒன்றும் ஆகாது, வந்து தொடரலாம் என்றது அந்தப் பெண். என் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள்.

"பத்து நாளுதான. கெடக்கட்டும்."

பக்கத்து வீட்டு அக்கா கேள்விப்பட்டு வந்தது. நான் திட்டியதை மனதில் வைக்கவில்லை.

"தம்பி, நான் கூட்டிப் போய்ட்டு வாரேன். பஸ்ஸுல ஏத்தி எறக்கத் தெரியாதா எனக்கு?"

"வேணாங்க்கா. நான் பாத்துக்கறேன்."

ஏன் வேண்டாம் என்றேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். திட்டிய ஆளிடம் போய் உதவி வாங்குவதா என்பதுதான். வேறு காரணம் இல்லை. அன்றைக்கு அக்கா கையில் விட்டிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது.

எனக்குப் பயம். ஒன்பது நாளில் வந்த நடை பத்து நாளில் போய்விடுமோ என்று பயம். குஞ்சு இறங்கிய அன்று சாயங்காலம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். முப்பது பல்பு. ஷெட் முழுக்கச் சிவப்பு. அதே சிவப்பு. அந்தக் குழாயில் வந்த சிவப்புக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெறும் வெளிச்சந்தான் என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. வெளிச்சம்தானே மருந்து, அது நம்மிடமே கிடக்கிறதே என்று தோன்றியது. அங்கே சின்னக் குழாயை இடம் இடமாக வைக்கிறார்கள். இங்கே முதுகு முழுவதும் ஒரே தடவையில் படும். பெரிய கண்டுபிடிப்புப் பண்ணிய மாதிரி இருந்தது எனக்கு. சட்டைப் பையில் போன் இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன சூட்டில் வெயில் இருந்தது, வெந்நீர் இருந்தது, அடுப்பு இருந்தது, காய்ச்சல் இருந்தது. பல்பு இல்லை. நான் அதைச் சூட்டில் சேர்க்கவில்லை. தினம் அதைக் கையால் தொட்டு உயரம் பார்க்கிறவன்.

மறுநாள் ஒரு பல்பைக் கழற்றிக்கொண்டு போய் வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டேன். குஞ்சுக்கு ஒன்றரை அடி உயரம் வைப்போம். ஆளுக்கு இரண்டடி என்று வைத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, என்னைய வளத்துக் கம்பெனிக்கு ஏத்தி விடப் போறீங்களா?"

"லேசர் மாதிரித்தான். படு."

"அந்தப் புள்ள சொல்லுச்சா?"

"ம்."

பொய் சொன்னேன். இது முதல் பொய்.

இருபது நிமிடம். எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தடவிப் பார்த்தாள்.

"காலு கனக்குதுங்க."

"அங்கயும் மொத நாளு அப்படித்தான் சொன்ன."

"சொல்லலையே."

"சொன்ன. ஒனக்கு மறந்துருச்சு."

அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்துப் பேசினேன்.

மூன்றாம் நாள் கண் மங்குகிறது என்றாள். நான்காம் நாள் கட்டிலைவிட்டு எழ அரை மணி நேரம் ஆனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டும் குளியலறைக்குப் போக முடியவில்லை. நான் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். கொஞ்ச நேரத்தில் எப்போதும் போல் ஆகிவிட்டாள். நோய் வெளியே போகும்போது உடம்பு அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

"அங்க குளுகுளுன்னு இருந்துச்சுங்க. இது அப்படி இல்ல. வேணாமே."

"வேல செய்யுது. பொறுத்துக்க."

"முதுகு சுடுதான்னு பாருங்க. எனக்குத்தான் அங்கிட்டு உணர்ச்சியே இல்லையே."

கையை வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஆறாம் நாள். சாயங்காலம் பல்பைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷெட்டில் குஞ்சுச் சத்தம் மாறியது. அது பழகிய காதுக்குத் தெரியும். எழுந்து ஓடினேன். காற்று திரும்பியிருந்தது. ஒரு வளையத்தில் குஞ்செல்லாம் ஓரத்தில் தகட்டோடு ஒட்டி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. குளிர்ந்தால் குஞ்சு பல்புக்கு அடியில் குவியும். சுட்டால் விலகி ஓரத்துக்கு ஓடும். அளவாக இருந்தால் பரவலாகப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் உயரம் வைக்க வேண்டும். தெர்மாமீட்டர் எல்லாம் சூப்பர்வைசருக்குக் காட்டத்தான்.

அந்த வளையத்துப் பல்பை ஒரு சாண் ஏற்றினேன். பார்த்தேன். பத்தவில்லை. இன்னும் நாலு விரல் ஏற்றினேன். குஞ்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து படுக்கும் வரை உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வளையத்தையும் பார்த்தேன். தண்ணீர் மாற்றினேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அப்படியே கிடந்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாடை வந்தது.

அணைத்தேன்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். எந்திரிக்கப் பாத்தேன், காலு வரல. பெறகு கூப்பிடல."

ஷெட்டில் ஃபேன் சத்தம். எனக்குக் கேட்கவில்லை. குஞ்சு விலகும். அவளால் விலக முடியவில்லை. அவளுக்குச் சுடுவதே தெரியவில்லை.

தோளுக்குக் கீழே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கொப்பளம் கட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எதுவோ வாடை வருது."

"பல்புல பூச்சி விழுந்துருச்சு."

கற்றாழையை வெட்டிக்கொண்டு வந்து தடவினேன். குளுமைக்கு என்றேன். மறுநாள் கொப்பளம் உடைந்து சேலையில் ஒட்டியது. வேர்வை என்றேன். இரண்டு நாள் இப்படி மறைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆனது என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் இரண்டு நாள் அவளைப் புண்ணோடு போட்டு வைத்தேன். குஞ்சையும் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். தொட்டால் கை சுட்டது. இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது, கையும் தூக்க வரவில்லை. பேச்சு குழறியது. அக்காவைக் கூப்பிட்டேன். அது வந்து ஆளைத் திருப்பிப் பார்த்தது. முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மேலே தொங்கிய பல்பைப் பார்த்தது.

"என் வெந்நிய வேணாம்ன. இவளக் கோழி பல்புல போட்டு வாட்டிருக்கியே, நீ மனுசனா?"

போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஷெட்டை அக்காவின் மருமகன் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

திருச்சியில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். மூளையில் புதிதாக ஒரு இடம் அரித்திருந்தது. அதற்கு ஒரு மருந்து உண்டு, டிரிப்ஸில் ஏற்றுவார்கள். முன்பு நோயைக் கண்டுபிடித்தபோது அதை ஏற்றித்தான் மங்கிய கண் தெளிந்தது. அதை உடனே ஏற்றுங்கள் என்றேன்.

"ஏத்த முடியாது. முதுகுல சீழ் புடிச்சிருக்கு. இப்ப அந்த மருந்தக் குடுத்தா புண்ணு ஒடம்பு பூரா ஏறிரும். மொதல்ல புண்ணு ஆறணும்."

பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் டாக்டரம்மா என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேசரில் நடை வந்ததையும் சொன்னேன். அவர் ஒன்று கேட்டார்.

"அந்த ரூம்ல ஏசி ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க."

"ஒரு மணி நேரம் அதுலயே படுத்திருந்தாங்க?"

"ஆமாங்க. தூங்குவா."

பேனாவை மூடி வைத்தார்.

"லேசரா, ஏசியா, எனக்குத் தெரியாது. லேசரே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். குளுமை அவங்களுக்கு ஒத்துக்கிருச்சு. அது மட்டும் தெரியுது."

எங்கள் ஊரில் ஜவுளிக்கடையில் ஏசி இருக்கிறது. கூட்டிப் போய் உட்கார வைத்திருந்தால்கூட அவளுக்கு நல்லா இருந்திருக்கும். நான் நேர் எதிராகச் செய்திருக்கிறேன்.

"பல்புனாலதான் இப்படி ஆச்சுங்களா?"

"புதுசா அரிச்சது பல்பால இல்ல. அது இந்த நோயோட குணம். வரணும்னா வரும். மருந்து தள்ளிப்போனது புண்ணால."

"ஒடனே ஏத்திருந்தா காலு வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம். வராமயும் போயிருக்கலாம். இனிமே அதச் சொல்ல முடியாதுங்க."

இதைத்தான் நான் தினமும் நினைக்கிறேன். வந்திருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் ஒரு மாதிரி இருந்திருப்பேன். வந்திருக்கும் என்றிருந்தால் வேறு மாதிரி இருந்திருப்பேன்.

மருந்து ஏற்றினார்கள். பேச்சு தெளிந்தது. இடது கை வந்தது. கால் வரவில்லை. வலது கையும் பாதிதான்.

வார்டில் ஒருநாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு நர்சு அப்போதுதான் போயிருந்தது. எத்தனை நாள் புண் என்று அது கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ரெண்டு நாளு தெரிஞ்சே இருந்தீங்களா?"

"ஆமா."

"அந்தப் புள்ள சொல்லுச்சுன்னதும் பொய்யா?"

"ஆமா."

வாயைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை என்னிடம் பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு புதுக்கோட்டையிலிருந்து அந்தப் பிசியோ பெண் போன் பண்ணியது. ஏன் வரவில்லை என்று கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.  

"அண்ணே," என்றது. "எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்லண்ணே."

"ஆமாம்மா."

"சுடாதுன்னு ஒங்க கைல வச்சுக் காமிச்சேன்லண்ணே."

"காமிச்ச."

போனை வைத்துவிட்டது.

எங்கள் பெண் திருப்பூரிலிருந்து வந்து பதினைந்து நாள் இருந்தாள். அவள்தான் தாயைக் குளிப்பாட்டினாள். லீவு முடிந்து போய்விட்டாள். அவள் போன மறுநாள் காலையில் நான் குளியலறையில் ஸ்டூலை எடுத்துவிட்டு முதுகு சாயும்படி பிளாஸ்டிக் சேர் போட்டேன். தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தூக்கப் போனேன்.

"நீங்க வேணாம்."

"பெறகு யாரு?"

"மதினியக் கூப்பிடுங்க."

"அக்காவையா?"

"ஆமா. கேட்டுட்டேன். வாரேன்னுச்சு."

"நான் செய்ய மாட்டனா?"

"செய்வீங்க. எனக்கு வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு நான்தான் ஊட்டுகிறேன். அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஊசி நான்தான் போடுகிறேன். அதற்கும் கையை நீட்டுகிறாள். இது மட்டும் வேண்டாம் என்றாள். முதுகை எனக்குக் காட்ட மாட்டாள். அவள் கேட்ட ஒன்றை நான் காப்பாற்றவில்லை. யார் ஊற்றுவது என்பதையாவது அவளே முடிவு செய்துகொண்டாள்.

அக்கா தினமும் காலையில் வருகிறது. அவளைத் தூக்கி வீல் சேரில் வைத்து, குளியலறை வாசல் வரை தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அங்கே அக்கா வாங்கிக்கொள்ளும். கதவைச் சாத்திவிடும். தண்ணீர் நிரப்பிய வாளியை வாசலில் வைத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்பேன்.

உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொள்வது கேட்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, எவள் எவளோடு சண்டை. சில நாள் சிரிப்புச் சத்தமும் வரும். இன்றைக்கும் வந்தது.

"மதினி, மெதுவா. மாட்டையா கழுவுறீக?"

"மாடா இருந்தா முட்டிருப்ப. சும்மா இருத்தா."

முதுகுப் புண் ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது என்று அக்கா ஒருநாள் சொன்னது. நான் பார்க்கவில்லை.

"தண்ணி பத்துமா?" என்று வெளியிலிருந்து கேட்டேன்.

உள்ளே சொம்பை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள்தான் சொன்னாள்.

"போதும்."

தூக்கி வைத்திருந்த அடுத்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.